உள்ளே எத்தனை பேர்?

கூடத்தில் ஏழு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். சுவரில் தொங்கிய பலகை எட்டு என்றது.

மாமனார் மறுபடி விரலை நீட்டி எண்ணினார். கணக்கர் ஒன்று, கம்பிகளை ஈயத்தால் பற்றவைக்கிற சால்டர் அக்கா இரண்டு, பெருக்குகிற அம்மா மூன்று, வாட்ச்மேன் நான்கு, மாப்பிள்ளை ஐந்து, மருமகள் ஆறு. கடைசியில் தன் நெஞ்சைத் தொட்டு ஏழு என்றார். பலகை கொஞ்சமும் வெட்கப்படாமல் எட்டிலேயே நின்றது.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் சரியாத்தானே காட்டுச்சு?"

"ஆமா மாமா."

"இன்னைக்கு அதுக்கு என்ன வந்துச்சு?"

மருமகளுக்குத் தெரிந்தால் அல்லவா சொல்வாள். மணி பத்து. மூன்று மணிக்குத் தீயணைப்புத் துறை அதிகாரி வருகிறார். யாரும் இதுவரை அவர் முகத்தைப் பார்த்ததில்லை. கடுதாசியில் கையெழுத்தை மட்டும் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கையெழுத்தே கொஞ்சம் முறைக்கிற மாதிரிதான் இருந்தது.

அந்தச் சின்னக் கம்பெனி இரண்டு வருடமாக இந்தப் பலகையைத்தான் நம்பியிருந்தது. கட்டடத்துக்குள் இந்த நிமிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அது காட்டும். எங்கேயாவது தீப்பிடித்தால், அணைக்க வருகிறவர்கள் இன்னும் இத்தனை பேர் உள்ளே மாட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தவுடன் தெரிந்துகொள்ளலாம். யோசனை மருமகளுடையது, வேலையும் அவளுடையது. ஆறு இடங்களில் கூரையில் சென்சார் வைத்திருந்தாள், உள்ளே தாழ் போட்டால் மாட்டிக்கொள்கிற மாடி பாத்ரூமைக்கூட விடவில்லை. சால்டர் அக்கா அதற்காக இரண்டு நாள் சண்டை பிடித்து, அதில் கேமரா கிடையாது, மூச்சு விடுகிற அசைவை மட்டும்தான் உணரும் என்று சத்தியம் வாங்கிய பிறகே ஒத்துக்கொண்டாள்.

ஆறு சென்சாரும் இரண்டே இரண்டு கம்பிகளில் வரிசையாகத் தொங்கின. கம்பியின் மறுமுனையில், மருமகள் வேலை செய்கிற லேப் அறையில், கட்டைவிரல் நகம் அளவுக்கு மைக்ரோகண்ட்ரோலர் என்று ஒரு சில்லு. வாத்தியார் வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி அது ஒவ்வொரு சென்சாரையும் அதன் எண்ணைச் சொல்லிக் கூப்பிடும். கூப்பிட்ட சென்சார் மட்டும் வாயைத் திறந்து, என் இடத்தில் இத்தனை பேர் என்று சொல்ல வேண்டும். ஆறு பதிலையும் கூட்டி, வந்த தொகையைப் பலகைக்கு அனுப்பும். அவ்வளவுதான் சங்கதி. அந்த அவ்வளவுதானுக்கு இரண்டு வருடம் ஆகியிருந்தது.

மருமகளின் கணவன் அப்பாவின் கம்பெனியே வேண்டாம் என்று பள்ளிக்கூட வேலைக்குப் போய்த் தப்பித்துக்கொண்டான். மாட்டிக்கொண்டது இவள். மாட்டிக்கொண்டவளுக்கு அந்த வேலை பிடித்துப்போனதுதான் விபரீதம். நேற்று மாமனார் அவளைக் கூப்பிட்டு, நாளைக்கு இது சரியாகக் காட்டாவிட்டால் லேப் சாவியை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடலாம், நீ முன் அறையில் உட்கார்ந்து போன் எடுத்துக்கொள், எத்தனை நாள்தான் கஷ்டப்படுவாய் என்றார். சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பாள். பாசமாகச் சொன்னார்.

மாப்பிள்ளை மாமனாரின் மகளைக் கட்டியவர், விற்பனை பார்க்கிறவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. லேப்பை இடித்துக் கண்ணாடிச் சுவர் வைத்து ஷோரூம் ஆக்கலாம் என்று போன வாரமே டேப் பிடித்து அளந்து பார்த்துவிட்டார், அவ்வளவுதான். இன்று காலை எட்டரைக்கு வாட்ச்மேன் உட்பட எல்லாரையும் பின்வாசலுக்குக் கூட்டிப்போய், அதிகாரி உட்காருவதற்கென்று வாங்கிய சோபாவை ஒரு மணி நேரம் இறக்கவைத்தார். மாடித் தரைக்கு நேற்றே பாலிஷ் போட்டாயிற்று. அதில் யாரும் கால் வைக்கக் கூடாது என்று, சோபா இறங்கியதும் படிக்கட்டில் ஒரு நாற்காலியைக் குறுக்கே போட்டுவிட்டுத்தான் அவருக்கு மூச்சு வந்தது.

மாமனார் வாட்ச்மேனை அனுப்பி அறை அறையாகப் பார்க்கச் சொன்னார். அவர் போய், மாடிக்குப் படிக்கட்டு நாற்காலியோடு நின்று, எட்டிப் பார்த்துவிட்டு வந்து, ஈ காக்கைகூட இல்லை என்றார். ஆகக் கூடித் தப்பு மெஷினில்தான் என்று முடிவாயிற்று.

"ஏதோ ஒரு சென்சார் ரெண்டு தடவை பதில் சொல்லுது மாமா. எதுன்னு கண்டுபிடிச்சுட்டா பத்து நிமிஷத்துல முடிஞ்சுடும்" என்றாள் மருமகள்.

பத்து நிமிஷம் என்று அவள் சொன்னதும் சால்டர் அக்கா மெதுவாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவளுக்கு இந்தப் பத்து நிமிஷங்களோடு நல்ல பழக்கம் உண்டு.

பலகைக்குப் போவது மொத்தத் தொகை மட்டும். எந்த இடத்தில் எத்தனை என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டுமானால் மைக்ரோகண்ட்ரோலரிலிருந்து லேப்டாப்புக்கு இன்னொரு கம்பி வழியைத் திறக்க வேண்டும். அது பெரிய வேலை இல்லை. லேப்டாப்பில் அதற்கென்று ஒரு மென்பொருள் இருக்கிறது. திறந்தால் அந்தச் சில்லின் படம் வரும். அதன் எந்தக் கம்பிக்கால் என்ன வேலை பார்க்க வேண்டும், எவ்வளவு வேகத்தில் பேச வேண்டும் என்று கட்டங்களில் டிக் அடித்துவிட்டு 'ஜெனரேட்' என்ற பொத்தானை அமுக்கினால் போதும், நிரலை அதுவே எழுதித் தந்துவிடும். ஆயிரம் வரியைக் கண்ணிமைக்கிற நேரத்தில் எழுதும்.

அதற்கு ஒரே ஒரு குணம் உண்டு. நிரலுக்குள் அங்கங்கே 'இங்கே நீ எழுதிக்கொள்' என்று ஆரம்பக் கோடும் முடிவுக் கோடும் போட்டு இடம் விட்டிருக்கும். அந்த இடத்துக்குள் எழுதியதைத் தொடாது. வெளியே எழுதியதை, அடுத்த முறை ஜெனரேட் அமுக்கும்போது, ஒரு வார்த்தை கேட்காமல் கூட்டிப் பெருக்கித் தள்ளிவிடும். லேப் சுவரில் மருமகளே சிவப்பு மையால் எழுதி ஒட்டியிருந்தாள்: கோட்டுக்கு வெளியே எழுதாதே.

மருமகள் டிக் அடித்தாள். ஜெனரேட் அமுக்கினாள். நிரலைச் சில்லில் ஏற்றினாள்.

"அம்மாடி" என்று கூடத்திலிருந்து மாமனாரின் குரல் வந்தது. "சைபர்னு காட்டுது. நாங்கல்லாம் போய்ச் சேர்ந்துட்டோமா?"

மருமகள் நிரலைத் திறந்து பார்த்தாள். போன வாரம் ஏதோ அவசரத்தில், அப்புறம் இடம் மாற்றிக்கொள்ளலாம் என்று பதினோரு வரிகளைக் கோட்டுக்கு வெளியே எழுதியிருந்தாள். சென்சார்களின் எண்களும், அவற்றைக் கூப்பிடும் முறையும், சைரனை நிறுத்தும் கட்டளையும் அந்தப் பதினோரு வரிகளில்தான் இருந்தன. இப்போது அந்த இடம் துடைத்து விட்ட மாதிரி இருந்தது. நகல் எடுத்து வைத்தது அதற்கும் முந்தின வாரம், அதில் இந்த வரிகள் இல்லை. ஊருக்கெல்லாம் உபதேசம் எழுதி ஒட்டியவள் என்ன செய்வாள், முதலில் கதவைச் சாத்தினாள்.

"என்னம்மா, ஏதாவது பிரச்சினையா?" மாப்பிள்ளை கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"இல்லண்ணா, சும்மா ரீசெட் பண்றேன்."

நினைவிலிருந்து எழுத ஆரம்பித்தாள். பதினோரு வரிகளில் ஒன்பது வரிகள் தானாக வந்தன. எண்களில்தான் சிக்கல். சென்சாரோடு வந்த புத்தகத்தில் ஒரு எண் போட்டிருப்பான். ஆனால் கம்பியில் கூப்பிடும்போது அதை இரண்டால் பெருக்கிக் கூப்பிட வேண்டும். இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லாரும் ஒரு முறையாவது இதில் வழுக்கி விழுந்திருப்பார்கள். அதற்குப் பயந்து மருமகள் பட்டியலிலேயே எண்களை இரண்டால் பெருக்கி எழுதினாள். அப்புறம் அதே பயத்தில், கூப்பிடுகிற வரியிலும் இரண்டால் பெருக்கினாள்.

கூப்பிட்ட எண்ணில் ஒரு சென்சாரும் இல்லை. யாரும் பதில் சொல்லாத கம்பியைப் படித்தால் அது சும்மா இருநூற்று ஐம்பத்தைந்து என்று சொல்லும். ஆறு சென்சாருக்கும் அதே பதில். மைக்ரோகண்ட்ரோலர் நேர்மையாகக் கூட்டியது.

கட்டடத்துக்குள் ஆயிரத்து ஐந்நூற்று முப்பது பேர் இருப்பதாகப் பலகை அறிவித்தது. நாற்பதுக்கு மேல் போனால் நெரிசல் என்று அர்த்தம். சைரன் அலறியது.

அது ஒரு நல்ல சைரன். தெருக்கோடி வரை கேட்க வேண்டும் என்று மருமகளே பார்த்து வாங்கியது. கணக்கர் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போனார். மாமனாரின் வாய் அசைந்தது, என்ன சொல்கிறார் என்று யாருக்கும் கேட்கவில்லை. வயரைப் பிடுங்கியும் பிரயோசனம் இல்லை, மின்சாரம் போனாலும் கத்த வேண்டும் என்று அதற்குள் தனியாக பேட்டரி வைத்திருந்தாள். மாப்பிள்ளை புது சோபாவின் மெத்தைகளை எடுத்து வந்து சைரனைச் சுற்றிக் கட்டினார். கட்டிய பிறகு, பக்கத்து வீட்டில் யாரோ வாய்விட்டு அழுகிற மாதிரி கேட்டது.

பெருக்கலில் ஒன்றை நீக்கினாள். சென்சார்கள் பேச ஆரம்பித்தன. ஆனால் திக்கித் திக்கிப் பேசின. பலகை ஐந்து என்றது, இருநூற்று அறுபது என்றது, திரும்ப இரண்டு என்றது. இருநூற்று அறுபது வரும்போதெல்லாம் சைரன் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டது. கம்பி நீளம், அவ்வளவு வேகம் தாங்கவில்லை என்று மருமகளுக்குத் தோன்றியது. மென்பொருளில் பேச்சு வேகத்தை நாலில் ஒரு பங்காகக் குறைத்தாள். இதற்கேற்ப மற்ற கடிகாரங்களையும் மாற்றட்டுமா என்று அது மரியாதையாகக் கேட்டது. தலைக்குள் சைரன் ஓடுகிறபோது மனுஷி எதையும் படிப்பதில்லை. ஆமாம் என்று அமுக்கினாள்.

சென்சார்கள் திக்குவது குறைந்தது. பலகையின் மூலையில் மணி காட்டுகிற சின்னக் கடிகாரம் மட்டும் நாலு மடங்கு வேகத்தில் ஓட ஆரம்பித்தது. இதை முதலில் கவனித்தது வாட்ச்மேன். கவனித்தார் என்றால், இரண்டு மணிக்கு அவர் வேலை முடிகிறது, பலகையில் இரண்டு ஐந்து ஆனதும் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அப்போது நிஜத்தில் மணி பதினொன்றே முக்கால். பலகையில் மூன்று அடித்ததும் மாப்பிள்ளை கோட்டை மாட்டிக்கொண்டு, கட்டியிருந்த மெத்தைகளை அவிழ்த்து சோபாவில் போட்டு, வாசலில் சிரித்தபடி நின்றார். இருபது நிமிடம் சிரித்தார். அப்புறம் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அவர் லேப்புக்குள் வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"உண்மையைச் சொல்லும்மா. முடியுமா, முடியாதா?"

"முடியும்ணா."

"முடியலைன்னா இப்பவே சொல்லிடு. நான் போன் பண்ணி வேற நாள் கேக்குறேன். மாமாவுக்கு இந்த வயசுல அவமானம் வேண்டாம்."

வேற நாள் என்றால் அந்த நாளில் லேப் யார் கையில் இருக்கும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். மருமகளின் கண்ணில் தண்ணீர் முட்டியது, அதைத் துடைக்கக்கூட அவளுக்கு நேரம் இல்லை.

அவள் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். புதிதாகத் திறந்த லேப்டாப் வழியை மூடினாள், வம்பே அங்கேதானே ஆரம்பித்தது. கடிகாரங்களைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தாள். பதினோரு வரிகளையும் ஒவ்வொன்றாக, கோட்டுக்குள், வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதினாள். போன் அடித்தது, எடுக்கவில்லை. சால்டர் அக்கா கொண்டுவந்து வைத்த சாப்பாடு வைத்த இடத்திலேயே ஆறியது. வாட்ச்மேனுக்கு ஆள் அனுப்பித் திரும்பக் கூட்டிவந்தார்கள். அவர் இரண்டு முறை வேலைக்கு வந்ததற்குக் கணக்கு உண்டா என்று கேட்டார், கணக்கர் அவரை முறைத்தார்.

இரண்டே முக்காலுக்குச் சில்லில் ஏற்றினாள். பலகை ஒரு முறை இருண்டு எழுந்தது. சைரன் நின்றது. காலையிலிருந்து முதல் முறையாக அந்தக் கட்டடத்தில் ஓசை இல்லை. எல்லாரும் கூடத்தில் வந்து நின்றார்கள். கடிகாரம் சரியாக ஓடியது. எண் ஆடாமல் அசையாமல் நின்றது.

எட்டு.

மருமகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றிக் கிளம்பின இடத்துக்கே வந்து சேர்ந்திருந்தாள். மாமனார் அவளைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பதில் அவர் திட்டியிருக்கலாம்.

மாப்பிள்ளைதான் பக்கத்தில் வந்து குந்தினார். அவர் குரல் ரொம்பத் தணிந்திருந்தது. "ஏம்மா, எனக்குத் தெரியாமத்தான் கேக்குறேன். எட்டுல ஒண்ணு போனா ஏழு. கழிச்சுடேன்."

"அப்படியெல்லாம் செய்யக் கூடாதுண்ணா."

"ஏன்? அது எப்பவும் ஒண்ணு கூடத்தான் காட்டுதுன்னு நீதானே சொல்றே?"

மருமகள் யோசித்தாள். இது எவ்வளவு பெரிய தப்பு என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. நாளைக்கு எங்கேயோ ஒரு கட்டடம் தீப்பிடித்து, பலகை ஒருவரைக் குறைத்துக் காட்டினால், அந்த ஒருவரைத் தேடி யார் இறங்குவார்கள்? ஆனால் இங்கே அந்த ஒருவர் இல்லையே. இல்லாத ஆளைத்தானே கழிக்கிறோம். அதிகாரி போன பிறகு, நாளைக்கே உட்கார்ந்து காரணத்தைக் கண்டுபிடித்துச் சரியாக்கிவிடலாம். இப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்து போனாள். கோட்டுக்குள், பார்த்துப் பதமாக, கூட்டுத்தொகைக்குப் பின்னால் ஒரு கழித்தல் குறியும் ஒரு ஒன்றும் போட்டாள்.

பலகை ஏழு என்றது. கணக்கர் கைதட்டினார். பெருக்குகிற அம்மா சோதித்துப் பார்க்க வெளியே போனாள், ஆறு. உள்ளே வந்தாள், ஏழு.

மூன்று மணி ஆயிற்று. அதிகாரியைக் காணோம். மூன்று பத்து ஆயிற்று. மாமனார் வேட்டியைச் சரி செய்துகொண்டு வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தார். மருமகள், எங்கே பலகை மனம் மாறிவிடுமோ என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று இருபதுக்குத் துறையின் வண்டி வந்து நின்றது. சீருடை போட்ட ஒருவர் ஒரு கையில் தடித்த ஃபைலும் இன்னொரு கையில் போனுமாக இறங்கி, உள்ளே எட்டிப் பார்த்தார்.

அவ்வளவுதான், மாப்பிள்ளை பாய்ந்து போய் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வந்தவர், நான் வந்து, என்று ஆரம்பித்தார். நீங்கள் வந்ததே போதும் என்று மாப்பிள்ளை அவரைச் சோபாவில் அமுக்கி உட்காரவைத்தார். டீ வந்தது. பலகை எட்டு என்று மாறியது.

"பாத்தீங்களா சார்? நாங்க ஏழு பேர், நீங்க ஒருத்தர். மொத்தம் எட்டு. ஒரு உயிர் கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

வந்தவர் பலகையைப் பார்த்தார். மறுபடி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மாப்பிள்ளை அவரை எழுப்பி வாசலுக்கு வெளியே நிறுத்தி, பலகை ஏழாக மாறுவதைக் காட்டி, உள்ளே இழுத்து, எட்டாக மாறுவதைக் காட்டினார். இப்படி மூன்று முறை. நாலாவது முறை வந்தவரே பயந்துபோய்த் தானாக வெளியே போய் உள்ளே வந்தார்.

"எப்படி சார் இருக்கு?" என்று கேட்டார் மாமனார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் வந்தவர், கொஞ்சம் குழப்பத்தோடு.

மாமனார் இடுப்பிலிருந்து லேப் சாவியை எடுத்தார். எல்லார் முன்னிலையிலும் மருமகளின் கையில் வைத்து, அவள் விரல்களைத் தன் கையாலேயே மூடினார். இனிமேல் இதை யாரும் உன்னிடம் கேட்க மாட்டார்கள் என்றார். மாப்பிள்ளைகூட மனசாரக் கைதட்டினார். மருமகளுக்கு அழுகை வந்தது. அந்தக் கழித்தல் குறி நெஞ்சில் முள்ளாக உறுத்தினாலும், சாவி கையில் கனமாக, நிஜமாக இருந்தது.

வந்தவர் அந்தச் சந்தடியில் டீயைக் குடித்து முடித்தார். கடைசியில் தனக்குப் பேச ஒரு இடைவெளி கிடைத்ததைக் கண்டு, எழுந்து நின்று, கையிலிருந்த ஃபைலையும் போனையும் மருமகளிடம் நீட்டினார்.

"நான் டிரைவரும்மா. சொல்லாம முன்னாடியே வந்து பாக்கணும்னாரு, காலையில ஒன்பது மணிக்கே சாரை இங்க இறக்கிவிட்டேன். பாத்ரூம் போயிட்டு உங்களையெல்லாம் பாக்குறேன்னு சொல்லி, இதையெல்லாம் வண்டியிலயே விட்டுட்டு வந்தாரு. உள்ளதானே இருக்காரு?"